மாதம் 40 டாலரும் ஒரு கடிதமும்

குவாத்தமாலாவில் ஒரு பெண் பிள்ளையின் படிப்புக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோம் என்று சொன்னதும் சொந்தக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்ட முதல் கேள்வி, "ஏன், நம்ம ஊர்ல ஏழைப் பிள்ளைங்களே இல்லையா?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஊருக்குச் செய்வதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம், அது தனிக் கணக்கு. ஆனால் நான் இப்போது குடியிருப்பது டெக்சஸில். எங்கள் வீட்டுக் கூரையை வெயிலில் நின்று மாற்றிக் கொடுத்தவர்கள், என் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் இரவில் தரை துடைப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை பூசையில் பக்கத்து பெஞ்சில் முழங்காலில் நிற்பவர்கள், இவர்களில் எத்தனையோ பேர் குவாத்தமாலாவிலிருந்தும் ஹொண்டுராஸிலிருந்தும் வந்தவர்கள். கடையில் வாங்கும் வாழைப்பழத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்தால் அதிலும் குவாத்தமாலா. அந்த நாட்டின் உழைப்பை நான் தினமும் தின்றுகொண்டிருக்கும்போது அதை 'எங்கேயோ இருக்கிற ஊர்' என்று எப்படிச் சொல்ல முடியும்?

இதைப் பற்றி எழுதச் சொல்லி எங்கள் கோவிலின் தமிழ்ப் பங்குக் குழுவில் இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். சேரலாமா, பணம் உண்மையிலேயே போய்ச் சேருமா, எந்த அமைப்பை நம்புவது, எல்லாம் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

நாங்கள் சேர்ந்திருப்பது அன்பவுண்ட் (Unbound) என்ற அமைப்பில். ஏழைக் குடும்பத்துப் பிள்ளை ஒருவருக்கு மாதாமாதம் உதவ ஒரு ஸ்பான்சரைச் சேர்த்துவிடுவது அதன் வேலை. 1981-ல் கான்சஸ் மாநிலத்தின் கான்சஸ் சிட்டியில் தொடங்கியது. சாமியாரோ மறைமாவட்டமோ தொடங்கியதல்ல, பொதுநிலையினர் தொடங்கியது: பாப் ஹென்ட்சன் என்பவர், அவருடைய உடன்பிறந்தவர்கள், ஒரு நண்பர். ஹென்ட்சன் முன்பு தெ லசால் சபையில் சகோதரராக இருந்தவர், நம் தூத்துக்குடியில் லசால் பள்ளி நடத்துகிறார்களே, அதே சபைதான். லத்தீன் அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு, அங்கே பார்த்ததை மறக்க முடியாமல் இதை ஆரம்பித்தார். அப்போது வேறு பெயர், 2014-லிருந்துதான் அன்பவுண்ட். 1996-ல் இந்த மனிதர் கான்சஸிலிருந்து குவாத்தமாலாவில் அத்தித்லான் ஏரிக்கரையிலுள்ள சான் லூக்காஸ் தொலிமான் வரைக்கும் நடந்தே போனார், சுமார் 4,000 மைல். அது போதாதென்று 2009 கடைசியில், எழுபது வயது தாண்டிய பிறகு, குவாத்தமாலாவிலிருந்து சிலி வரை இன்னொரு நடை, 8,000 மைல். வழியெல்லாம் உதவி பெறும் குடும்பங்கள் கூடவே நடந்தார்கள். 2013-ல் குவாத்தமாலாவிலேயே இறந்துபோனார். எந்த அமைப்புக்கும் பணம் கொடுக்கும் முன் அதைத் தொடங்கியவர் தன் உடம்பை எங்கே கொண்டுபோய் வைத்தார் என்று பார்ப்பது என் வழக்கம். இவர் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அமெரிக்காவில் இருப்பவர்கள் இதைக் கோவிலிலேயே பார்த்திருப்பீர்கள். ஒரு வாரக் கடைசியில் வெளியூர்ச் சாமியார் ஒருவர் வந்து பிரசங்கம் வைப்பார், பூசை முடிந்ததும் வாசலில் மேசை போட்டு ஃபோல்டர்களை அடுக்கியிருப்பார்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் போட்டோ, வயது, வீட்டில் எத்தனை பேர், அப்பா என்ன வேலை, பிள்ளைக்கு என்ன விளையாட்டுப் பிடிக்கும். அந்த மேசைதான் எனக்கு இன்னும் உறுத்தும். ஜனங்கள் ஃபோல்டரைப் புரட்டிப் பார்த்து, இது வேண்டாம், அது இன்னும் சின்னப் பிள்ளையாக இருக்கிறது, அதை எடு என்று சொல்வது காதில் விழும்போது மனசு சுருங்கும். நாங்கள் போட்டோவைத் திறந்து பார்க்காமல் மேலே இருந்த ஃபோல்டரை எடுத்துக்கொண்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள் என்பேன். பெரும்பாலும் கடைசியில் தங்கிப்போவது பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளும், தாத்தா பாட்டிகளும்தான் (இந்த அமைப்பில் முதியவர்களுக்கும் இதே மாதிரி உதவலாம்).

எங்களுக்கு வந்தது அந்த ஏரிப் பக்கத்துப் பெண்தான். பெயர் சொல்ல மாட்டேன், அது அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் நான் செய்ய வேண்டிய மரியாதை. குவாத்தமாலாவின் பூர்வகுடிகளான மாயா மக்களில் கக்சிக்கெல் பிரிவைச் சேர்ந்த குடும்பம். அப்பா அறுவடைக் காலத்தில் காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் போவார், மற்ற நாளில் யாருடைய ஆட்டோவையாவது வாடகைக்கு எடுத்து ஓட்டுவார். அங்கே ஓடுவதெல்லாம் நம்ம பஜாஜ் ஆட்டோ என்று தெரிந்தபோது என் கணவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அம்மா தறி நெய்கிறவர். ஒரு முனையைத் தூணில் கட்டி மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து நெய்யும் தறி அது. பெண்கள் போடும் பூவேலை மேல்சட்டை ஒன்று நெய்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும்.

அந்த ஊர்களின் நிலைமை நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் சேர்ந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டதுதான். 1960 முதல் 1996 வரை 36 வருடம் உள்நாட்டுப் போர். கொல்லப்பட்டவர்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களும் இரண்டு லட்சத்துக்கும் மேல், அவர்களில் பெரும்பகுதி மாயா மக்கள். அதே ஏரியின் இன்னொரு கரையில் சாந்தியாகோ அத்தித்லான் என்ற ஊரில் ஸ்டான்லி ராதர் என்ற ஒக்லஹோமா சாமியார் பங்குத்தந்தையாக இருந்தார். கொலைப் பட்டியலில் தன் பேர் இருக்கிறது என்று தெரிந்து ஒக்லஹோமாவுக்குப் போனவர், ஜனங்களை விட்டுவிட்டு இருக்க முடியாமல் திரும்பி வந்தார். 1981 ஜூலை 28-ஆம் தேதி பங்கு வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். 2017-ல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி அது. போர் முடிந்தது, பசி முடியவில்லை. அந்த நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. தொடர்ந்து சத்துக் குறைவாகவே சாப்பிட்டு வளர்வதால் வருவது இது, லத்தீன் அமெரிக்காவிலேயே இங்குதான் மோசம். மக்காச்சோள ரொட்டியும் கறுப்பு பீன்ஸும் கிடைக்கிற நாள் நல்ல நாள். அரசுப் பள்ளியில் ஃபீஸ் இல்லைதான், ஆனால் நோட்டு, ஷூ, சீருடை, ஆறாம் வகுப்புக்கு மேல் பக்கத்து ஊருக்குப் போகிற வண்டிக் காசு எல்லாம் வீட்டுப் பொறுப்பு. அந்த ஆறாம் வகுப்பில்தான் பெரும்பாலான பெண் பிள்ளைகளின் படிப்பு நின்றுபோகிறது.

சரி, பணத்துக்கு வருவோம். நாங்கள் சேர்ந்தபோது மாதம் 40 டாலர். அதில் அலுவலகச் செலவு போக மிச்சம் அவர்கள் நாணயத்தில் முந்நூறு கெட்சாலுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். பல இடங்களில் இந்தப் பணம் பள்ளிக்கூடத்துக்கோ கோவிலுக்கோ போகாமல் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே போகிறது. அம்மாமார் குழுவாகக் கூடுகிறார்கள், யாருக்கு எதற்குத் தேவை என்று பேசி ஒவ்வொருவரும் ஒரு திட்டம் வைத்துக்கொள்கிறார்கள், உள்ளூர்ச் சமூகப் பணியாளர் ஒருவர் கூட இருந்து கணக்குப் பார்க்கிறார். முடிவெடுப்பது அம்மாதான். நான் இவ்வளவு எழுதுவதே இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான். பிள்ளைக்கு உதவுவதென்றால் அந்தப் பிள்ளையைப் பெற்றவளின் கையில் கொடுங்கள், அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்துவிடப் போவதில்லை.

முதல் வருடம் அந்த அம்மா வாங்கியது ஷூவும் நோட்டும் தானியமும். நாம் எதிர்பார்த்ததுதான். இரண்டாம் வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து நூல் வாங்கினார். எங்களுக்கு வந்த தாளில் 'தறிக்கு நூல்' என்று இருந்ததைப் பார்த்து என் கணவர், "படிப்புக்குத்தானே கொடுத்தோம்?" என்றார். அடுத்த கடிதத்தில் அந்தப் பெண்ணே விளக்கமாக எழுதியிருந்தாள். இதுவரை கடைக்காரரிடம் கடனுக்கு நூல் வாங்கினார்களாம், அதனால் நெய்து முடித்ததும் அவரிடமே, அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டியிருந்ததாம். காஞ்சிபுரத்தில் முதலாளியிடம் பாவும் பட்டும் வாங்கி வந்து கூலிக்கு நெய்கிறவர்களின் நிலைமையேதான். இப்போது சொந்த நூல், சொந்த விலை, சுற்றுலாக்காரர்கள் வரும் ஊருக்கு எடுத்துப்போய் விற்றாராம். அந்தக் காசில்தான் இவள் ஏழாம் வகுப்புக்குச் சேர்ந்தாள். எங்கள் 40 டாலர் நேரே படிப்புச் செலவாகப் போயிருந்தால் அந்த வருடத்தோடு முடிந்திருக்கும், நூலாகப் போனதால் தம்பிகள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஓடுகிறது. இதை நான் டெக்சஸில் உட்கார்ந்துகொண்டு யோசித்துச் சொல்லியிருக்க முடியுமா? மூன்றாவதாக வாங்கியது புகைபோக்கி வைத்த அடுப்பு. அதுவரை மூன்று கல் வைத்து வீட்டுக்குள்ளேயே விறகெரித்துச் சமைத்தார்கள், சின்னவனுக்கு ஓயாத இருமல். "இப்போ அம்மா சமைக்கும்போது கண்ணில் தண்ணி வரதில்லை" என்று எழுதி, பக்கத்தில் கலர் பென்சிலால் அடுப்பும் அதன் நீளமான குழாயும் வரைந்திருந்தாள். குழாயின் நுனியில் புகையைச் சுருள் சுருளாக நீலத்தில் போட்டிருந்தாள்.

கடிதங்களைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதன் மறுபக்கத்தை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் சிஸ்டர்கள் நடத்திய பள்ளியும் ஹாஸ்டலும் உண்டு. ஹாஸ்டல் பிள்ளைகளில் பலருக்கு ஜெர்மனியில் உதவி செய்கிற குடும்பம் இருந்தது. என் கூடப் படித்த ஒருத்தி டிரங்குப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒரு போட்டோ ஒட்டியிருப்பாள்: பனியில் நிற்கும் வயதான தம்பதி, கூட ஒரு பெரிய நாய். 'ஜெர்மன் அப்பா அம்மா' என்பாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருநாள் எல்லோரையும் உட்கார வைத்துக் கடிதம் எழுதச் சொல்வார்கள், எழுத வேண்டியது கரும்பலகையில் இருக்கும். நான் நலம், நன்றாகப் படிக்கிறேன், உங்களுக்காகத் தினமும் செபிக்கிறேன், உங்கள் அன்புக்கு நன்றி. அத்தனை பிள்ளைகளும் ஒரே கடிதம். இவள் மட்டும் ஒரு வருடம் சிஸ்டர் கவனிக்காத நேரத்தில் கடைசியில் "எனக்குக் கடவாய்ப் பல் வலிக்கிறது" என்று ஒரு வரி சேர்த்துவிட்டாள். யாரோ அதையும் மொழிபெயர்த்து அனுப்பிவிட்டார்கள் போல. மாசக்கணக்கில் கழித்து, கோடை லீவுக்குக் கொஞ்சம் முன்னால் பதில் வந்தது. பல் இப்போது எப்படி இருக்கிறது, டாக்டரிடம் போனாயா, எங்கள் வீட்டுக்காரருக்கும் பல்வலிதான் என்று அந்த அம்மா எழுதியிருந்தார். பல்லைப் பிடுங்கியே வெகு நாள் ஆகியிருந்தது. ஆனாலும் அந்தக் கடிதத்தை அவள் வகுப்பு முழுக்கக் காட்டினாள். இன்று அவள் அரசுப் பள்ளி ஆசிரியை. போன வருடம் பேசும்போது, வந்த கம்பளி சாக்ஸ், சாக்லேட், எதுவும் தனக்கு ஞாபகமில்லை, பல்லை விசாரித்தது மட்டும் ஞாபகம் இருக்கு என்றாள்.

அந்தக் கரும்பலகைக் கடிதங்கள் மேல் எனக்கு இன்றும் வருத்தம்தான். சிஸ்டர்கள் மோசமானவர்கள் இல்லை, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பணம் நின்றுவிடக் கூடாதே என்ற பயத்தில் செய்தது. ஆனால் அதில் பிள்ளைக்கு நன்றி சொல்லும் வேலை மட்டும்தான் இருந்தது, தன்னைப் பற்றிச் சொல்ல இடமே இல்லை. அதனால்தான் குவாத்தமாலாவிலிருந்து வரும் கடிதத்தில் ஒரு புகார் வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. கணக்கு டீச்சர் கத்துகிறார், தம்பி என் கலர் பென்சிலை உடைத்துவிட்டான், மழையில் ரோடு அடைத்துக்கொண்டது, இப்படி வந்தால் அவளே எழுதுகிறாள் என்று அர்த்தம்.

சேர்ந்தவர்களில் பாதிப்பேர் கடிதம் எழுதுவதே இல்லை என்பது என் ஊகம், எங்கள் பங்கில் விசாரித்தவரைக்கும் அப்படித்தான். கிரெடிட் கார்டில் மாதாமாதம் தானாகப் போய்விடுகிறது, அத்தோடு மறந்துவிடுகிறார்கள். என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்கிறார்கள். என்ன இருக்கிறது, வீட்டில் நடப்பதை எழுதுங்கள். குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்குவதற்காக அதை ஓவன் அடுப்புக்குள் வைத்து விளக்கைப் போட்டு வைப்பதை நான் எழுதினேன், அவள் அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து ஊறவைத்துத் தோல் நீக்கி அரைக்கிற பக்குவத்தைப் பதிலுக்குச் சொல்லி அனுப்பினார். கோழிக்கு என்ன பெயர் என்று என் மகன் கேட்டான், அதற்கு ஒரு பக்கம் பதில் வந்தது. காரையும் மாடி வீட்டையும் லீவுக்குப் போன இடத்தையும் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள், அது வேண்டாத வேலை. முகவரி கொடுக்காதீர்கள், ஃபேஸ்புக்கில் தேடிப் பிடிக்காதீர்கள், தனியாகப் பரிசும் பணமும் அனுப்ப வழி தேடாதீர்கள். எல்லாக் கடிதமும் அலுவலகம் வழியாகத்தான் போகும், அங்கே படித்துத்தான் கொடுப்பார்கள், அது பிள்ளைகளின் பாதுகாப்புக்கு. அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

இதில் ஒரு பழைய கதையையும் சொல்லாமல் விட முடியாது. கத்தோலிக்கத் திருச்சபையில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் காசு சேர்ப்பது நேற்று வந்ததல்ல. 1843-ல் பிரான்சில் நான்சி மறைமாவட்ட ஆயர் ஃபோர்பின்-ஜான்சன் தொடங்கியதுதான் திருப்பாலத்துவ சபை. தினமும் ஒரு அருள் நிறைந்த மரியே, மாதம் ஒரு சில்லறைக் காசு, பிள்ளைகளே பிள்ளைகளுக்காகக் கொடுப்பது. அழகான எண்ணம், எங்கள் ஊரிலும் திருப்பாலத்துவ ஞாயிறு அன்று நாங்கள் காசு போட்டிருக்கிறோம். ஆனால் இதே வழக்கம் அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு வந்தபோது வேறு மாதிரி ஆனது. வகுப்பில் 5 டாலர் சேர்ந்தால் ஒரு 'அஞ்ஞானிக் குழந்தை'யை வாங்கிவிட்டதாகச் சொல்லி, அதற்கு ஞானஸ்நானப் பெயர் வைக்கும் உரிமையை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். எங்கள் பங்கிலேயே எழுபது வயதுப் பாட்டி ஒருவர், தான் ஐந்து பிள்ளைகளுக்கு மேரி என்று பெயர் வைத்ததாகச் சொல்வார். எங்கோ சீனாவிலோ இந்தியாவிலோ ஒரு தாய் பெற்ற பிள்ளைக்கு, பார்க்காத ஊரில் இருந்துகொண்டு பெயர் வைப்பது! நல்ல மனசோடு செய்தார்கள் என்பதை நம்புகிறேன். ஆனாலும் கொடுக்கிறவனுக்குப் பிள்ளை மேல் பாத்தியதை உண்டு என்ற நினைப்பு அங்கேதான் வேர்விட்டது, இன்றும் "என்னோட குவாத்தமாலாப் பொண்ணு" என்று நாம் பேசுவதில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு மரபும் நம்மிடம் உண்டு, அதைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். முதல் உலகப் போர் முடிந்து ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் பிள்ளைகள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தபோது, எதிரி நாட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும் என்று லண்டனில் துண்டறிக்கை கொடுத்த எக்லன்டைன் ஜெப் என்ற பெண்ணைக் கைது செய்து அபராதம் போட்டார்கள். 1919-ல் சேவ் த சில்ட்ரன் தொடங்கியவர் அவர், ஆங்கிலிக்கன் சபைக்காரர். அவருடைய வேண்டுகோளுக்குக் காது கொடுத்த திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட், அந்த வருடம் டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் திருநாளன்று உலகத்திலுள்ள எல்லாக் கத்தோலிக்கக் கோவில்களிலும் அந்தப் பிள்ளைகளுக்காகக் காணிக்கை எடுக்கச் சொன்னார். யார் பிள்ளை, எந்த சபை, எந்த நாடு என்று பார்க்கவில்லை. பதினாறாம் பெனடிக்டும் 2005-ல் தன் முதல் சுற்றுமடலில் இதையே அழுத்திச் சொன்னார்: அன்புப் பணி இலவசமானது, வேறொரு நோக்கத்துக்கு வழியாக அதைச் செய்யக் கூடாது, திருச்சபையின் பெயரால் உதவுகிறவர்கள் தங்கள் விசுவாசத்தை ஒருபோதும் திணிக்கக் கூடாது. அன்பவுண்டில் எந்த மதத்துக் குடும்பமும் சேரலாம், பூசைக்கு வந்தால்தான் பணம் என்று கிடையாது. நீங்கள் எந்த அமைப்பில் சேர்ந்தாலும் இதை முதலில் கேளுங்கள். நிபந்தனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

இந்த ஏற்பாட்டையே குறை சொல்பவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதில் விஷயமும் உண்டு. 1998-ல் சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகைக்காரர்கள் தாங்களே பல அமைப்புகளில் ஸ்பான்சர்களாகச் சேர்ந்து, பிறகு அந்தப் பிள்ளைகளை ஊர் ஊராகத் தேடிப்போனார்கள். சிலருக்கு உதவி என்று பெரிதாக எதுவும் போய்ச் சேரவில்லை, மாலி நாட்டில் ஒரு சிறுமி இறந்துபோன பிறகும் அவள் பெயரில் பணம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அது வந்த பிறகு பல அமைப்புகள் தங்களைத் திருத்திக்கொண்டன. ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் உதவினால் மற்ற பிள்ளைகளின் மனசு என்ன ஆகும், பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன பாவம் செய்தது என்ற கேள்வியும் பழையதுதான். பணம் அம்மாவின் கையில் போனால் முதல் கேள்வி பாதி தீர்கிறது. இரண்டாவது தீரவில்லை, அதற்கு நாம் இன்னும் நிறையப் பேர் சேர வேண்டும், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பலன் இருக்கிறதா என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். புரூஸ் வைடிக்கும் இன்னும் இரண்டு பொருளாதார ஆய்வாளர்களும் சேர்ந்து இந்தியா, கென்யா, உகாண்டா, குவாத்தமாலா, பொலிவியா, பிலிப்பைன்ஸ் ஆகிய 6 நாடுகளில் 10,000 பேருக்கு மேல் விசாரித்து 2013-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஸ்பான்சர் கிடைத்த பிள்ளைகள் பெரியவர்களானபோது, கிடைக்காத பிள்ளைகளைவிட ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை அதிகம் படித்திருந்தார்கள், மாதச் சம்பளம் வருகிற நல்ல வேலையில் இருந்தவர்களும் அதிகம். ஆய்வு செய்தது கம்பேஷன் என்ற புராட்டஸ்டண்ட் அமைப்பின் பிள்ளைகளை, கத்தோலிக்க அமைப்பை அல்ல, முறையும் வேறு, அதனால் அப்படியே எங்களுக்குப் பொருத்திச் சொல்ல மாட்டேன். அதே ஆய்வாளர் கூட்டம் பிறகு ஜகார்த்தாவின் சேரிப் பிள்ளைகள் கையில் கலர் பென்சில்களைக் கொடுத்துத் தங்களையே வரையச் சொன்னது. ஸ்பான்சர் கிடைத்த பிள்ளைகளின் படங்களில் நம்பிக்கையும் தன்மேல் மதிப்பும் கூடுதலாகத் தெரிந்தன. யாரோ ஒருவர் தன்னை விசாரிக்கிறார் என்ற எண்ணம் ஒரு பிள்ளைக்கு என்ன செய்யும் என்று எனக்கு அந்தப் பல்வலிக் கடிதத்திலேயே தெரியும்.

அதே கம்பேஷன் 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டே போக வேண்டியதாயிற்று. வெளிநாட்டுப் பணம் வாங்க அரசின் அனுமதி கிடைக்காததால், ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகளுக்கு வந்துகொண்டிருந்த உதவி நின்றது. அரசு கேட்ட கேள்விகளில் மதமாற்றம் முக்கியமானது, அதைப் பற்றி நாள்கணக்கில் வாதாடலாம். எனக்கு அந்தப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள், எழுதிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று இல்லை என்று ஆவது. அதனால் குடும்பத்தின் காலை ஊன்ற வைக்காத உதவி, எத்தனை வருடம் வந்தாலும், ஒரு கையெழுத்தில் போய்விடும். நூலும் தறியும் போகாது.

சேர நினைப்பவர்களுக்கு இவ்வளவுதான் சொல்ல இருக்கிறது. அமைப்பின் வருடக் கணக்கும் தணிக்கை அறிக்கையும் இணையத்தில் வெளிப்படையாக இருக்கிறதா பாருங்கள். குடும்பத்துக்குப் பணம் எந்த வழியாகப் போகிறது, செலவை யார் முடிவு செய்கிறார்கள் என்று போன் போட்டே கேளுங்கள், நல்ல அமைப்பு என்றால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். கனடாவில் இருப்பவர்களுக்கு சாலிஸ் என்ற கத்தோலிக்க அமைப்பு இருக்கிறது. குறைந்தது சில வருடங்கள் தொடர முடியும் என்றால் மட்டும் சேருங்கள். வேலை போய்விட்டது, முடியவில்லை என்றால் சும்மா நிறுத்தாமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வேறு ஆளைத் தேட அவர்களுக்கு நேரம் கிடைக்கும், அந்தப் பிள்ளைக்கும் ஒரு வரி எழுதிவிட்டு விலகுங்கள். தனியாக முடியாதவர்கள் இரண்டு மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து ஒரு பிள்ளைக்குக் கட்டலாம், ஆனால் கடிதம் எழுதும் பொறுப்பை ஒருவர் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் யாரும் எழுத மாட்டார்கள்.

அந்தப் பெண் இப்போது ஒன்பதாம் வகுப்பு, அதற்கு மேல் படிக்க ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கும். நர்சிங்கா டீச்சர் பயிற்சியா என்று வீட்டில் வாக்குவாதம் நடக்கிறதாம். என் மகள், "நர்ஸ்னு எழுதும்மா" என்கிறாள், நான் எழுதவில்லை, அது அவர்கள் வீட்டுப் பேச்சு. அவள் படிப்பு முடிந்ததும் அடுத்து ஒரு முதியவரை எடுப்பதென்று நானும் என் கணவரும் பேசி வைத்திருக்கிறோம். அடுத்த மாதம் எங்கள் பங்கில் மறுபடியும் அந்த மேசை போடுகிறார்கள், தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்கள் யாராவது சேருவதாக இருந்தால் பூசை முடிந்ததும் வாருங்கள், ஃபாரம் நிரப்ப நான் கூட இருக்கிறேன், முதல் கடிதத்தையும் அங்கேயே உட்கார்ந்து எழுதிவிடலாம்.